ரியாலஜி என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது?

உருகிய பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் அச்சில் வார்க்கும் மோல்டிங் வேலை செய்கிறவர்கள் "இந்த மெட்டீரியல் நல்லா ஓடுது", "அது ஓடவே மாட்டேங்குது" என்று நாள் முழுக்கச் சொல்வார்கள். அந்த ஓட்டத்தை அளந்து, அது ஏன் அப்படி ஓடுகிறது என்று ஆராயும் துறைதான் ரியாலஜி. தமிழில் பாய்வியல்.

'ரியோ' என்றால் கிரேக்கத்தில் பாய்தல். மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் ரியோஸ்டாட்டிலும், வயிற்றுப்போக்கைக் குறிக்கும் டயரியாவிலும் இதே வேர்தான் இருக்கிறது. அமெரிக்காவின் லஃபாயெட் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த யூஜின் பிங்காம்தான் இந்தச் சொல்லை உருவாக்கினார். அவரோடு சேர்ந்து உழைத்த மார்க்கஸ் ரெய்னர் ஒரு கட்டடப் பொறியாளர். பெயின்ட், களிமண், ரப்பர், சிமென்ட் குழம்பு என்று யார் எதை எடுத்தாலும் ஒரே சிக்கலில் வந்து நின்றதால், இதற்குத் தனித் துறையே வேண்டியிருந்தது. 1929-இல் ரியாலஜி சங்கம் தொடங்கியபோது, 'பொருள்களின் உருமாற்றத்தையும் பாய்வையும் பற்றிய அறிவியல்' என்று வரையறுத்தார்கள். 'பன்டா ரே', அதாவது எல்லாம் பாய்கின்றன என்ற கிரேக்கத் தொடரைச் சங்கத்தின் குறிக்கோள் வரியாகவும் வைத்துக்கொண்டார்கள்.

சரி, தமிழுக்கு வருவோம். ஓடுதல், பாய்தல், ஒழுகுதல், வழிதல், கசிதல், ஊர்தல் என்று நம்மிடம் வினைகளுக்குப் பஞ்சமில்லை. உருகிய பிளாஸ்டிக்கைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு 'ஒழுகுதல்'தான் முதலில் தோன்றும். ஆனால் ஒழுக்கவியல் என்று வைத்தால் அறநெறி பற்றிய பாடமாகிவிடும். 'உருமாற்றவியல்' என்றால் பாய்வு காணாமல் போகிறது. 'பாய்வியல்' என்பதில் உருமாற்றம் இல்லையே என்று கேட்கலாம். மூலச் சொல்லிலும் பாய்வு மட்டும்தான் இருக்கிறது. அதனால் இதுவே போதும் என்பது என் முடிவு. ஒரே ஒரு எச்சரிக்கை: பாய்ம இயக்கவியல் வேறு. நீரும் காற்றும் எப்படி ஓடுகின்றன என்பது அந்தத் துறையின் வேலை. பாய்வியலுக்கு வேலை வருவதே, நீரைப் போல நடந்துகொள்ளாத பொருள்களிடம்தான்.

எப்படி நடந்துகொள்வதில்லை? ஓட்டத்துக்குப் பொருள் காட்டும் எதிர்ப்பான விஸ்காசிட்டி என்பதைத் தமிழகத்தில் பாகுநிலை, பாகுமை என்கிறோம். இலங்கையில் பிசுக்குமை என்கிறார்கள். எல்லாமே அருமையான சொற்கள், தொட்டால் விரலில் ஒட்டுவது போல. நீரின் பாகுமை சுமார் 0.001 பாஸ்கல் வினாடி. உருகிய பிளாஸ்டிக்குக்கு அது 100 முதல் 10,000 வரை போகும். எண் பெரிதாக இருப்பது மட்டும் சிக்கல் என்றால், பெரிய மெஷின் வைத்துச் சமாளித்துவிடலாம். ஆனால் அந்த எண்ணே ஒரு நிலையில் நிற்பதில்லை. நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. வேகமாகத் தள்ளினால் அவை சிக்கல் விலகி ஓட்டத்தின் திசையில் நீள்கின்றன, பாகுமை இறங்குகிறது. ஒரு குறுகிய குழாயில் பிசுபிசுப்பான எண்ணெயை இரண்டு மடங்கு வேகத்தில் தள்ள இரண்டு மடங்கு அழுத்தம் வேண்டும். உருகிய பிளாஸ்டிக்கில் வேகத்தின் 0.3 அடுக்காகத்தான் அழுத்தம் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், அதே இரண்டு மடங்கு வேகத்துக்கு ஏறத்தாழ 23 சதவீதம் கூடுதல் அழுத்தமே போதும். ஷியர் தின்னிங் என்கிற இதை வெறும் 'பாகுமைக் குறைவு' என்றால் அரைகுறைதான். ஓடும்போது ஓர் அடுக்கு இன்னோர் அடுக்கின் மேல் வழுக்குவதுதான் சறுக்கம், அதனால் 'சறுக்கத்தால் இளகல்' என்றால் காரணமும் சேர்ந்து வருகிறது.

மெல்ட் ஃப்ளோ இன்டெக்ஸ் என்ற ஒரே எண்ணை மட்டும் நம்பி பிளாஸ்டிக்கின் கிரேடு, அதாவது ரகம், தேர்ந்தெடுப்பது தப்பு என்று நான் சொல்வதும் இதனால்தான். பாலிஎத்திலீனை 190 டிகிரியில் உருக்கி, 2.16 கிலோ எடை வைத்து அழுத்தி, 10 நிமிடத்தில் எத்தனை கிராம் வெளியே வருகிறது என்று பார்ப்பது அந்தச் சோதனை. அங்கே ஓட்டம் மிக மெதுவானது. இன்ஜெக்ஷன் மோல்டில் கேட் என்கிற குறுகிய நுழைவாய் வழியாகச் சீறிப் போகும்போது சறுக்க வேகம் அதைவிட நூறு, ஆயிரம் மடங்கு. ஒரே எண் போட்ட இரண்டு கிரேடுகள் அங்கே இரண்டு விதமாக ஓடலாம்.

மோல்டுக்குள் நடப்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். குளிர்ந்த சுவரைத் தொட்ட பிளாஸ்டிக் அங்கேயே உறைந்து தோலாகிவிடுகிறது. நடுவில் இருப்பதுதான் முன்னேறுகிறது. முனைக்கு வந்ததும் ஊற்று விரிவது போல இருபுறமும் திரும்பிச் சுவரில் படிகிறது. அதனால் இதற்கு 'ஊற்றோட்டம்' என்ற பெயர் நன்றாகப் பொருந்துகிறது. பொருளின் மேல் நாம் தடவிப் பார்க்கும் பளபளப்பான பரப்பு, சற்று முன்புவரை ஓட்டத்தின் நடுவே இருந்தது. இரண்டு முனைகள் எதிரெதிரே வந்து சந்தித்து, சரியாகக் கலக்காமல் நின்ற இடம்தான் வெல்டு லைன்.

ரப்பரில் கதை தலைகீழ். பிளாஸ்டிக் சூடாகப் போய் குளிர்ந்த மோல்டில் உறைகிறது. ரப்பர் கலவையோ குறைந்த சூட்டில் கிளம்பி, 150 டிகிரிக்கும் மேலான மோல்டுக்குள் போய் இறுகுகிறது. சூடு முதலில் அதை இளக்குகிறது. அப்புறம் அதே சூடு மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு இடையே குறுக்குப் பிணைப்புகளை உண்டாக்கி ஓட்டத்தை நிறுத்துகிறது. அந்த இடைவெளிக்குள் மோல்டு நிரம்பியாக வேண்டும். நிரம்பும் முன்பே பிணைப்பு தொடங்கிவிட்டால் அதைத்தான் ஸ்கார்ச் என்கிறார்கள். அகராதியைப் பார்த்துக் 'கருகல்' என்று எழுதிவிடாதீர்கள், அங்கே எதுவும் கருகுவதில்லை. 'முன்னிறுகல்' என்பதே சரி. ரப்பர்க்காரர்கள் பாகுமையைச் சொல்லும் மூனி எண், அளக்கும் விதத்தோடு சேர்ந்தே வரும். 'எம்எல் 1+4, 100 டிகிரி' என்றால், பெரிய சுழலி போட்டு, 1 நிமிடம் சூடாக்கி, 4 நிமிடம் சுழற்றிய பின் எடுத்த அளவு.

இன்னொரு சொல் பாகுமீள்மை, அதாவது விஸ்கோஎலாஸ்டிசிட்டி. மெஷினில் பிளாஸ்டிக்கை உருக்கும் உருளையான பேரலைச் சுத்தம் செய்யத் திறந்த வெளியில் பிளாஸ்டிக்கைத் தள்ளும்போது, அதன் முனையில் இருக்கும் நாசிலின் வாயைப் பாருங்கள். வெளியே வரும் கயிறு அந்தத் துளையைவிடப் பருமனாக இருக்கும். துளைக்குள் நீண்டிருந்த சங்கிலிகள், விட்டதும் பழையபடி சுருளப் பார்க்கின்றன. பாகு போல ஓடிய பொருள், ரப்பர் போலப் பழைய உருவத்தையும் மறக்கவில்லை. டை ஸ்வெல் என்கிற இதை 'வாயுப்பல்' என்று சேர்த்து எழுதினால் வாயு என்று படிப்பார்கள். 'அச்சுவாய் உப்பல்' என்று விரித்தே எழுதலாம்.

கடைசியாக, பாய்வியலில் அளக்கும் கருவியின் பெயர். ரியோமீட்டரைப் 'பாய்வுமானி' என்று சிலர் எழுதுகிறார்கள். குழாயில் எத்தனை லிட்டர் போகிறது என்று காட்டும் ஃப்ளோமீட்டருக்கும் அதே பெயர் புழக்கத்தில் இருக்கிறது. இரண்டு எழுத்து கூடினாலும் பரவாயில்லை, 'பாய்வியல்மானி' என்றே எழுதுங்கள்.