சொல் விளக்கம்: அவசரக் கருத்தடை

கடையில் இதற்கு வழங்கும் பெயர் 'ஐ-பில்' அல்லது '72 மணி நேர மாத்திரை'. இலங்கையில் 'போஸ்டினோர்'. எழுத்தில் 'அவசர கால கருத்தடை' என்று பலர் எழுதுகிறார்கள், 'கால' தேவையில்லை. அவசரக் கருத்தடை என்றாலே போதும், நடுவில் ஒற்று மிகும்.

ஆணுறை கிழிந்தாலோ, பாதுகாப்பின்றி உறவு நேர்ந்தாலோ, வன்கொடுமைக்கு ஆளானாலோ, அதன்பின் கரு உண்டாகாமல் தடுப்பது இது. இந்தியாவில் பரவலாகக் கிடைப்பது லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம். 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுவதுதான் இதன் வேலை. கரு ஏற்கெனவே தங்கிவிட்டால் இந்த மாத்திரை அதைக் கலைக்காது. 5 நாளுக்குள் கருப்பையில் காப்பர்-டி பொருத்துவதும் அவசரக் கருத்தடைதான். மாத்திரையைவிட அதற்குப் பலன் அதிகம்.

இனி சொல்லுக்கு வருவோம். அவசரம் வடமொழிச் சொல். அங்கே அதற்குத் தக்க தருணம், வாய்ப்பு என்று பொருள். இந்தியில் இன்றும் 'அவ்சர்' என்றால் வாய்ப்புதான். தமிழுக்கு வந்தபின் அது பரபரப்பாகிவிட்டது. இந்த மாத்திரைக்கு இரண்டு பொருளுமே பொருந்துவது வேடிக்கை.

சிக்கல் 'கருத்தடை'யில் இருக்கிறது. கரு + தடை, பொருள் தெளிவு. ஆனால் நம் ஊரில் "கருத்தடை பண்ணியாச்சா?" என்றால், இரண்டு பிள்ளை பெற்றவளின் ஆபரேஷனைத்தான் கேட்கிறார்கள். மாத்திரை என்றாலோ கலைப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஓர் இளம்பெண் கடையில் இந்த மாத்திரையைக் கேட்டால், "அபார்ஷன் மாத்திரையெல்லாம் சீட்டு இல்லாம தர முடியாதும்மா" என்று பதில் வருகிறது. கருக்கலைப்புக்குத் தருவது மிஃபெப்ரிஸ்டோனும் மிசோப்ரோஸ்டாலும். அவற்றுக்குச் சீட்டு கட்டாயம்தான். லெவோநார்ஜெஸ்ட்ரலோ 2005 முதல் இந்தியாவில் சீட்டின்றி விற்கலாம். 'கருக்கலைப்பு மாத்திரை' என்று செய்தியில் எழுதுவதும் இதே தப்பு.

தடுப்பா, கலைப்பா என்ற இந்தக் குழப்பம் பல நாடுகளில் நீதிமன்றம், நாடாளுமன்றம் வரை போயிருக்கிறது. சிலியில் அரசு மருத்துவ நிலையங்கள் இதைத் தருவதை 2008-இல் அரசியலமைப்புத் தீர்ப்பாயம் நிறுத்தியது. 2010-இல் சட்டம் இயற்றி மீட்டார்கள். ஹோண்டுராஸ் 2009-இல் தடை போட்டு 2023 மகளிர் தினத்தன்று நீக்கியது. அமெரிக்காவில் சண்டை வயதைப் பற்றியும் நடந்தது: 2006-இல் 18 வயது நிரம்பியவர்களுக்குச் சீட்டு வேண்டாம் என்றார்கள், நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2013-இல்தான் வயது வரம்பு போனது. கரு கருப்பையில் பதிவதையும் தடுக்கலாம் என்று அங்கே மருந்து உறையில் இருந்த வரியை எடுக்க 2022 டிசம்பர் ஆகிவிட்டது. எதிர்ப்பாளர்களின் முக்கிய வாதமே அந்த வரிதான்.

ஆங்கிலத்தில் 'மார்னிங் ஆஃப்டர் பில்' என்றும் சொல்வார்கள். அதை 'மறுநாள் மாத்திரை' என்று பெயர்க்க வேண்டாம். விடியும்வரை காத்திருக்க வேண்டியதுமில்லை, மறுநாளோடு முடிந்துபோவதுமில்லை.

தமிழ்நாட்டில் சட்டத் தடை ஏதும் இல்லாமலேயே பல கடைகளில் இதை இருப்பு வைப்பதில்லை. தேசியக் குடும்ப நலத் திட்டத்தில் இதே மருந்துக்கு 'ஈசி பில்' என்று பெயர். அரசு மருத்துவமனையில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்கலாம்.