வலி மதிப்பீடா, வலி அறிதலா?

ஆங்கிலத்தில் 'பெயின் அசெஸ்மென்ட்' என்பதை மருத்துவமனைப் படிவங்களிலும் செவிலியர் பாடக் குறிப்புகளிலும் 'வலி மதிப்பீடு' என்றே அச்சடிக்கிறார்கள். பொருந்தாத சொல்.

பழந்தமிழில் வலி என்றால் வலிமை. 'வினைவலியும் தன்வலியும்' என்ற குறளில் அதுதான் பொருள். உடல் வேதனைக்கு நோ, நோவு என்பார்கள். ஈழத்தில் இன்றும் 'நோகுது'தான். ஆனால் இன்று எல்லோருக்கும் புரிகிற 'வலி' இருக்கட்டும், சிக்கல் 'மதிப்பீட்டில்'தான். ஆங்கில 'அசெஸ்மென்ட்', பக்கத்தில் உட்கார்தல் என்னும் லத்தீன் வினையிலிருந்து வந்து, வரி விதிப்பு வழியாக மதிப்பிடுதல் ஆயிற்று. நம்மவர்கள் அந்த வரிக்கணக்குப் பொருளை எடுத்து நோயாளியின் கட்டிலில் வைத்துவிட்டார்கள்.

விடைத்தாளை ஆசிரியர் மதிப்பிடுகிறார், நிலத்தை அதிகாரி மதிப்பிடுகிறார். எண் போடும் உரிமை பார்ப்பவருக்கே. வலியில் அந்த உரிமை நோயாளிக்கு. நோயாளி எதை வலி என்கிறாரோ அதுவே வலி என்று அமெரிக்கச் செவிலியர் மார்கோ மெக்காஃபரி 1968-லேயே வரையறுத்தார். பிறகு அவரும் பெட்டி ஃபெரெலும் செவிலியர்களிடம் ஒரு கேள்வி வைத்தார்கள். ஆண்ட்ரூ, ராபர்ட் இருவருக்கும் 25 வயது. வயிற்று அறுவை முடிந்த முதல் நாள். ரத்த அழுத்தம் 120/80. வலி பத்துக்கு 8 என்று இருவருமே சொல்கிறார்கள். ஆண்ட்ரூ பார்க்க வந்தவரோடு சிரித்துப் பேசுகிறார். ராபர்ட் புரளும்போது முகம் சுளிக்கிறார். இவர்களின் வலிக்குப் படிவத்தில் என்ன எண் குறிப்பீர்கள்? இருவருக்கும் 8 என்று குறிப்பதே சரி. ஆனால் சுளித்தவரின் எட்டை நம்பிய பலர், சிரித்தவரின் எட்டைக் குறைத்துப் போட்டார்கள். மதிப்பீடு என்ற சொல் செய்யச் சொல்வதும் இதைத்தான். தூங்கினால் வலி இருக்காது, வலி இருந்தால் நாடித்துடிப்பு ஏறியிருக்கும், வலி தணிக்க மார்ஃபின் கொடுத்தால் அடிமையாகிவிடுவார் என்ற தவறான நம்பிக்கைகளெல்லாம் இந்த இடத்தில்தான் நுழைகின்றன.

'வலி அளவீடு' இன்னும் மோசம். காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் இருக்கிறது, வலிக்கு என்ன இருக்கிறது?

'வலி அறிதல்' போதும். பேசுகிறவரிடம் கேட்டு அறியலாம். பச்சைக்குழந்தையிடமும் செயற்கைச் சுவாசத்தில் கிடப்பவரிடமும் முகத்தையும் கைகால் அசைவையும் பார்த்து அறியலாம். அகராதியின் முதல் பொருளோடு நின்றுவிடும் மொழிபெயர்ப்பாளர்கள் வார்டுக்குள் ஒரு நாள் நின்று கேட்கட்டும். 'வலி எப்படி இருக்கு, பத்துக்கு எவ்வளவு?' என்றுதான் நர்ஸ் கேட்கிறார். மதிப்பிடுகிறேன் என்று யாரும் சொல்வதில்லை. படிவத்திலும் 'நோயாளி சொன்ன எண்' என்றே கட்டம் போடுங்கள். 'மதிப்பீடு' என்று போட்டால் அதில் செவிலியரின் எண்தான் ஏறும்.