அந்த அக்காவுக்கு மாத்திரை, எனக்கு மட்டும் கீமோவா?

எங்கள் ஓ.பி.க்கு வெளியே கிடக்கும் பெஞ்சிலேயே பாதி மருத்துவம் நடந்து முடிந்துவிடும். பேர் கூப்பிடும்வரை ஒருவர் ஃபைலை இன்னொருவர் வாங்கிப் புரட்டிக்கொண்டிருப்பார்கள். அப்படி ஒரு நாள் இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). ஒருவருக்கு 61 வயது, இன்னொருவருக்கு 42. இருவருக்கும் மார்பகப் புற்றுநோய். இடது மார்பில் ஏறக்குறைய 3 செ.மீ. கட்டி, அக்குளில் நெறி இல்லை. மூத்தவர் ஆபரேஷனும் கரண்டும் (கதிர்வீச்சு சிகிச்சையைத்தான் அப்படிச் சொல்வோம்) முடித்து மாத்திரையில் இருந்தார். இளையவருக்கு முதலில் கீமோ என்று நான் சொல்லியிருந்தேன்.

உள்ளே வந்தவர் உட்காரக்கூட இல்லை. "அந்த அக்காவுக்கும் எனக்கும் ஒரே சைஸ் கட்டிதான் மேடம். அவங்களுக்கு மாத்திரையோட போச்சு. எனக்கு மட்டும் எதுக்கு கீமோ? முத்திடுச்சா?"

முத்தவில்லை. வகை வேறு. இதைப் புரியவைக்க எனக்குத் தினமும் அரை மணி நேரம் போகிறது, அதனால்தான் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

கட்டி எவ்வளவு பெரிது, நெறி கட்டியிருக்கிறதா, வேறு உறுப்புக்குப் போயிருக்கிறதா என்பதை வைத்து ஸ்டேஜ் சொல்கிறோம். ஆனால் எந்த மருந்து, எதை முதலில் என்பதை முடிவு செய்வதில் பெரும்பங்கு ஐ.எச்.சி. ரிப்போர்ட்டுக்கு, அதாவது எடுத்த சதைக்குச் சாயமேற்றிக் கட்டியின் வகையைப் பார்க்கும் டெஸ்ட்டுக்கு. அதில் மூன்று வரிகளைப் பாருங்கள். ஈ.ஆர்., பி.ஆர். இரண்டும் ஹார்மோன் ஏற்பிகள், ஹார்மோன் வந்து ஒட்டிக்கொள்ளும் இடங்கள். அவை பாசிட்டிவ் என்றால் கட்டி ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைத் தின்று வளர்கிறது, அதைத் தடுக்கும் மாத்திரை வேலை செய்யும். மூன்றாவது ஹெர்2, கட்டியை வேகமாக வளரவைக்கும் ஒரு புரதம். அது 3+ என்றால் அதற்கென்றே உள்ள டிராஸ்டுசுமாப் ஊசியைக் கொடுக்கலாம். 2+ என்று வந்தால் அரைகுறைப் பதில்தான், ஃபிஷ் என்ற இன்னொரு டெஸ்ட் செய்து உறுதிப்படுத்த வேண்டும். மூன்றும் நெகட்டிவ் என்றால் டிரிபிள் நெகட்டிவ். மேலைநாடுகளைவிட நம்மிடம் அந்த வகை கூடுதலாகவே வருகிறது.

மூத்தவருக்கு ஈ.ஆர்., பி.ஆர். பாசிட்டிவ், வேகம் குறைந்த கட்டி. இளையவருக்கு ஹெர்2 3+. அளவு ஒன்றானாலும் வைத்தியம் ஒன்றாகாது.

இந்த ரிப்போர்ட் வர, கத்தி வைப்பதற்கு முன்பே ஊசியில் சதை எடுக்க வேண்டும். ட்ரூகட் பயாப்சி என்போம். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, ஸ்கேனில் பார்த்தபடியே எடுப்போம். ஸ்டேப்ளர் அடித்தாற்போல 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும், அதற்குத்தான் எல்லோரும் திடுக்கிடுவார்கள். வெளியே வருவது சேமியாத் துண்டு மாதிரி நாலைந்து இழைகள். சதை கெடாமல் வைக்கும் ஃபார்மலின் குப்பியில் போட்டால் மெல்ல அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அவ்வளவுதான். "ஊசி குத்தினா பரவிடுமாமே" என்று கேட்காத குடும்பம் கிடையாது. அதனால் நோய் பரவி ஆயுள் குறைந்ததாக ஆதாரம் எதுவும் இல்லை. குத்தாமல் வெட்டினால் என்ன ஆகும் என்பதற்குத்தான் என்னிடம் கதை இருக்கிறது.

வெளியூரிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். நாலு மாதம் முன்பு ஒரு சின்ன நர்சிங் ஹோமில் "சாதாரணக் கட்டிதான்" என்று எடுத்திருக்கிறார்கள். இப்போது தழும்புக்கு அடியிலேயே திரும்ப முளைத்திருந்தது. பயாப்சி ரிப்போர்ட் கேட்டேன். இல்லை. எடுத்த கட்டி எங்கே? "பாட்டில்ல போட்டுக் காமிச்சாங்கம்மா, எலுமிச்சங்காய் அளவு இருந்துச்சு. அப்புறம் அவங்களே தூக்கிப் போட்டுட்டாங்க" என்றார் கணவர். எனக்குப் பேச்சே வரவில்லை. திரும்ப வந்த கட்டியிலிருந்து சதை எடுத்துப் பார்த்தோம். ஹெர்2 பாசிட்டிவ்.

அங்கே போனது நாலு மாதம் மட்டுமில்லை. ஹெர்2, டிரிபிள் நெகட்டிவ் வகைகளில் கட்டி 2 செ.மீ.க்கு மேல் இருந்தாலோ நெறி கட்டியிருந்தாலோ பொதுவாகக் கீமோவை முதலில் கொடுக்கிறோம். கட்டி உடம்பில் இருக்கும்போதே மருந்து கேட்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடலாம். பிறகு ஆபரேஷனில் எடுத்த சதையில் நோய் மிச்சமிருந்தால் அடுத்த மருந்தை மாற்றலாம், ஒன்றுமே இல்லையென்றால் ரொம்ப நல்ல செய்தி. கட்டியைத் தூக்கிப் போட்டபிறகு இதையெல்லாம் எதை வைத்துப் பார்ப்பது?

சரி, ஆபரேஷனுக்கு வருவோம். "முழுசா எடுத்துடுங்க டாக்டர், வம்பே வேண்டாம்." பெரும்பாலும் சொல்வது நோயாளி இல்லை, பக்கத்தில் நிற்கும் அண்ணனோ மகனோ. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட் மார்பை அடியிலுள்ள தசையோடு சேர்த்து எடுத்தார். பல பத்தாண்டுகள் உலகமே அதைத்தான் செய்தது. பிறகு அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷரும் இத்தாலியில் உம்பர்ட்டோ வெரோனேசியும் மார்பை முழுதாக எடுக்காமல் கட்டி இருக்கும் பகுதியை மட்டும் எடுத்துவிட்டுக் கரண்ட் வைத்தால் போதுமா என்று சோதித்தார்கள். இருவரின் 20 வருடக் கணக்கும் 2002-இல் வெளியானது. முழுதாக எடுத்தவர்களும் மார்பைக் காப்பாற்றிக்கொண்டவர்களும் ஒரே அளவு உயிர்வாழ்ந்திருந்தார்கள். ஃபிஷர் ஆய்வில் இன்னொன்றும் உண்டு. கட்டியை மட்டும் எடுத்துக் கரண்ட் வைக்காமல் விட்டவர்களில் 39 சதவீதம் பேருக்கு அதே மார்பில் திரும்ப வந்தது. வைத்தவர்களில் 14. இன்றைய மருந்துகளில் இரண்டுமே குறைவு, ஆனாலும் மார்பைக் காப்பாற்றும் ஆபரேஷன் செய்தால் கரண்ட்டும் அதோடு சேர்த்திதான். வயதான சிலருக்கு மட்டும் விதிவிலக்கு. முன்பு 25 நாள் வைத்தோம், இப்போது பலருக்கு 15 நாளில் முடிகிறது.

கட்டி பல இடத்தில் இருந்தாலோ, முன்பே அந்த இடத்தில் கரண்ட் வைத்திருந்தாலோ பெரும்பாலும் முழுதாக எடுப்பதுதான் சரி. சிலர் எல்லாம் கேட்டுவிட்டு முழுதாகவே எடுக்கச் சொல்வார்கள், அது அவர்கள் உரிமை. எனக்கு எரிச்சல் வருவது அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வராண்டாவில் முடிவெடுக்கும்போதுதான்.

கீமோ பற்றிக் கொஞ்சம். கீமோ மருந்துகளில் ஒன்று சிவப்பாக இருக்கும், அதற்குப் பயப்படாதவர்கள் இல்லை. முடி கொட்டும், திரும்ப முளைக்கும். வாந்திக்கு இப்போது நல்ல மருந்து இருக்கிறது. நான் பயப்படுவது காய்ச்சலுக்கு. கீமோ ஏற்றி ஒரு வாரம், பத்து நாளில் வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அப்போது 100.4 டிகிரி தாண்டினால் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு விடியட்டும் என்று படுக்கக் கூடாது, ராத்திரி 2 மணியானாலும் கிளம்பி வர வேண்டும். வீட்டில் தெர்மாமீட்டர் இருக்கிறதா என்று கேட்காமல் நான் முதல் கீமோவுக்கு அனுப்புவதில்லை.

டிராஸ்டுசுமாப் மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஒரு வருடம். இதயத்தைப் பாதிக்கலாம் என்பதால் இடையிடையே எக்கோ எடுப்போம். ஒரு காலத்தில் இதன் விலையைச் சொல்லவே வாய் கூசும். இந்தியத் தயாரிப்புகள் 2014-இல் கடைக்கு வந்தபிறகு இறங்கியது. ஆபரேஷன், கீமோ, கரண்ட் மூன்றுக்கும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கிறது. அட்டை இல்லாதவர்கள் முதல் நாளே சொல்லிவிடுங்கள், கடன் வாங்கியபிறகு சொல்லாதீர்கள்.

அப்புறம் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் மாத்திரை. பெஞ்சில் "மாத்திரையோட போச்சு" என்று பேசிக்கொள்கிறார்களே, அந்த மாத்திரையில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். டாமாக்ஸிஃபென் ஒரு டீயைவிட மலிவு, ஆனால் குறைந்தது 5 வருடம், சிலருக்கு 10 வருடம். மாதவிடாய் நின்றவர்களுக்குப் பெரும்பாலும் லெட்ரோசோல். அதில் மூட்டுவலி வரும், எலும்பு தேயும். இரண்டாவது வருடம் "நல்லாத்தானே இருக்கேன்" என்று தாங்களாகவே நிறுத்திவிடுவார்கள். முட்டிவலிக்காக நிறுத்தியதாக என்னிடம் சொன்னால் வேறு மாத்திரை மாற்றித் தரலாம். திட்டுவேன் என்று பயந்து சொல்வதில்லை. (திட்டுவேன்தான். ஆனாலும் சொல்லுங்கள்.) பெஞ்சில் உட்கார்ந்திருந்த மூத்தவர் காலி மாத்திரை அட்டைகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கொண்டுவந்து காட்டுகிறவர். அவரைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

இளையவர் அன்று சம்மதித்தார். கீமோ தொடங்குமுன் கட்டிக்குள் அரிசியைவிடச் சின்னதாக ஒரு உலோகக் கிளிப் வைத்தோம். நாலாவது கீமோ முடிந்ததும் போன் செய்தார். "மேடம், தடவிப் பார்த்தா கட்டியே இல்ல! இனி ஆபரேஷன் எதுக்கு?" இந்த இடத்தில் காணாமல் போகிறவர்கள் உண்டு, ஆறு மாதம் கழித்து வேறு மாதிரி வருவார்கள். கைக்குத் தட்டுப்படாததால் உள்ளே எதுவும் இல்லை என்று ஆகிவிடாது, அந்தச் சதையை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால்தான் தெரியும், எங்கே எடுப்பது என்று காட்டத்தான் அந்தக் கிளிப் என்றேன். ஒரு நிமிஷம் எதுவும் பேசவில்லை. பிறகு, மகளுக்குப் பரீட்சை முடியட்டும், அடுத்த வாரம் தேதி கொடுங்கள் என்றார்.