ஆடியோ விஷுவல் கன்சல்டன்ட்: 'ஒலி ஒளி ஆலோசகர்' என்றால் சரியா?

கோயில் திருவிழா நோட்டீஸின் அடியில் 'ஒலி, ஒளி அமைப்பு' என்று போட்டு ஒரு சவுண்ட் சர்வீஸின் பெயர் இருக்கும். ஒலி என்றால் மைக்கும் குழாய் ஸ்பீக்கரும். ஒளி என்றால் டியூப் லைட்டும் சீரியல் லைட்டும். அந்த இடத்துக்கு அது கச்சிதமான தமிழ். அதே வழக்கில் ஆடியோ விஷுவல் கன்சல்டன்ட்டை 'ஒலி ஒளி ஆலோசகர்' என்று எழுதினால், விளக்கு அலங்காரத்துக்கு யோசனை சொல்பவர் என்றுதான் தோன்றும்.

துறைக்குள் 'ஏவி கன்சல்டன்ட்' என்று சுருக்கிச் சொல்கிறார்கள். இவர் கருவிகளை விற்பவர் அல்ல, மாட்டுபவரும் அல்ல. மாட்டித் தருபவருக்கு இன்டகிரேட்டர் என்று பெயர். கட்டடம் வரைபடமாக இருக்கும்போதே ஆர்க்கிடெக்டோடு உட்கார்ந்து திரை, புரொஜெக்டர், ஸ்பீக்கர், கேபிள் எல்லாம் எங்கே வரவேண்டும் என்று முடிவு செய்வதுதான் கன்சல்டன்ட்டின் வேலை. அப்புறம் டெண்டருக்கான விவரக்குறிப்பு எழுதுவார். வேலை முடிந்ததும் சொன்னபடி செய்திருக்கிறார்களா என்று சோதிப்பார்.

ஏன் அவ்வளவு சீக்கிரம் வரவேண்டும்? ஒரு கருத்தரங்கக் கூடத்தில் கடைசி வரிசை திரையிலிருந்து 36 அடி தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். திரையின் உயரத்தைப் போல் ஆறு மடங்குக்கு மேல் தள்ளி உட்கார்ந்தால் ஸ்லைடில் உள்ள எழுத்தைப் படிப்பது சிரமம் என்பது பழைய கைக்கணக்கு. அப்படியானால் திரை 6 அடி உயரம் வேண்டும். முன்னால் இருப்பவரின் தலை மறைக்காமலிருக்க அடி விளிம்பு 4 அடியாவது மேலே இருக்கவேண்டும். ஆக 10 அடி. ஃபால்ஸ் சீலிங்கை ஒன்பதரை அடியில் போட்டுவிட்டார்கள் என்றால், எவ்வளவு விலை கொடுத்து புரொஜெக்டர் வாங்கியும் பயனில்லை.

ஒலியில் இந்தத் தொழிலின் முன்னோடி என்று ஹார்வர்டின் வாலஸ் கிளெமென்ட் சபீனைச் சொல்லலாம். அங்கே ஃபாக் அருங்காட்சியகத்தின் விரிவுரைக் கூடத்தில் பேச்சே புரியவில்லை. ஒரு சொல் ஐந்தரை விநாடி வரை சுற்றிச் சுற்றி ஒலித்தது. 1895இல் இதைச் சரிசெய்யும் வேலை இளம் இயற்பியல் ஆசிரியரான சபீனிடம் வந்தது. பக்கத்து சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கிவந்து போட்டுப் போட்டு அளந்தார். அறையின் கன அளவு கூடினால் இப்படிச் சுற்றி ஒலிக்கும் எதிர்முழக்கம் நீளும், ஒலியை உறிஞ்சும் பரப்பு கூடினால் குறையும் என்று அதிலிருந்து ஒரு சூத்திரமே கிடைத்தது. 1900இல் திறந்த பாஸ்டன் சிம்பொனி ஹாலுக்கு யோசனை சொன்னவரும் அவரே.

சரி, சொல்லுக்கு வருவோம். லத்தீனில் 'ஆடியோ' என்றால் 'நான் கேட்கிறேன்'. 'விஷுவல்' பிறந்தது 'பார்வை' என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து. இரண்டின் வேரும் புலன்தான், ஒலியும் வெளிச்சமும் அல்ல. இலங்கைத் தமிழ் இதைச் சரியாகப் பிடித்திருக்கிறது: அங்கே 'கட்புல, செவிப்புல சாதனங்கள்' என்பார்கள். துல்லியமான சொல், தமிழ்நாட்டில் கொஞ்சம் பாடநூல் வாசம் அடிக்கும். 'ஒளிபரப்பு' என்ற சொல்லில் ஒளி படத்தைக் குறிக்கிறதே என்று கேட்கலாம். அது தனியாக நிலைத்துவிட்டது. 'காட்சி' என்று போட்டால் குழப்பமே இல்லை.

கன்சல்டன்ட்டுக்குத்தான் சிக்கல். 'கலந்தாய்வாளர்' என்றால் தமிழ்நாட்டில் கல்லூரிச் சேர்க்கைக் கலந்தாய்வு ஞாபகம் வரும். பழந்தமிழில் 'சூழ்தல்' என்பது ஆராய்ந்து யோசனை செய்வது. 'சூழ்வார்கண் ணாக ஒழுகலான் மன்னவன்' என்ற 445ஆம் குறளில் யோசனை சொல்பவர்கள் அரசனுக்குக் கண். ஆனால் சூழ்ச்சிக்கு இன்று வந்திருக்கும் பொருளோடு யாரும் விசிட்டிங் கார்டு அடிக்க முடியாது. 'மதியுரைஞர்' நல்ல சொல், பேச்சில் ஒட்டவில்லை. 'ஆலோசகர்' வடமொழி வழி வந்தது; அதன் வேரிலும் பார்வைதான். லோசனம் என்றால் கண், திரிலோசனன் முக்கண்ணன். பழகிய சொல், இருக்கட்டும்.

'ஒலி-காட்சி ஆலோசகர்' என்று மட்டும் நிறுத்தினால் சினிமாக்காரர் என்று நினைக்கலாம். 'அமைப்பு' என்ற சொல்லை நடுவில் சேர்த்தால் கட்டடத்தோடு தொடர்பு தெரியும். எழுத்தில் 'ஒலி-காட்சி அமைப்பு ஆலோசகர்'; பேச்சில் ஏவி கன்சல்டன்ட்டே போதும்.