பதினைந்தாம் கோடு என்றால் ஃபெயில் இல்லை

இந்த வாரத்தில் மட்டும் இவர் நான்காவது தாய். மடியில் இருந்த 14 மாதப் பெண் குழந்தை என் ஸ்டெதாஸ்கோப்பை இழுத்து வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். "எடையே ஏற மாட்டேங்குது டாக்டர். இவ வயசுப் பிள்ளை ஒண்ணு பத்து கிலோ இருக்கு. ஏதாவது டானிக் எழுதிக் கொடுங்க."

தடுப்பூசியும் எடையும் குறிக்கும் அட்டையை வாங்கிப் பார்த்தேன். பிறந்தபோது 2.6 கிலோ, ஒரு வயதில் 7.8, இன்று 8.2. ஒரு வயதில் எடை மூன்று மடங்காக வேண்டும், ஆகியிருக்கிறது. வளர்ச்சி வரைபடத்தில் ஆரம்பத்திலிருந்தே பதினைந்தாம் பெர்சன்டைல் பக்கத்திலேயே இவள் கோடு போகிறது.

பெர்சன்டைல் பரீட்சை மார்க் இல்லை. ஆரோக்கியமான 100 குழந்தைகளை எடைப்படி வரிசையாக நிறுத்தினால் இவள் கீழிருந்து பதினைந்தாவது ஆள், அவ்வளவுதான். வரிசை என்றால் யாராவது பின்னால் நிற்கத்தானே வேண்டும்? எல்லாரும் ஐம்பதாவது ஆளாக நிற்க முடியுமா? உலக சுகாதார நிறுவனம் 2006ல் வெளியிட்ட வரைபடமே, ஆறு நாடுகளில் தாய்ப்பால் குடித்து நன்றாக வளர்ந்த குழந்தைகளை அளந்து போட்டதுதான். பதினைந்தாவது ஆளும் நன்றாக வளர்ந்த பிள்ளைதான்.

ஒரு வயதுக்கு மேல் பசி குறையும், எடையும் நிதானமாகத்தான் ஏறும். அதற்கு டானிக் கிடையாது.

என் கவலை வேறு பிள்ளைகளைப் பற்றி. காய்ச்சலுக்கு வந்த ஆறு வயதுப் பையன், உப்பிய கன்னம். போன வருடம் எழுதி வைத்த உயரத்தோடு ஒப்பிட்டால் 3 செ.மீ.தான் கூடியிருந்தது. அந்த வயதில் வருடத்துக்கு ஐந்தாறு செ.மீ.யாவது கூட வேண்டும். கொழுகொழுவென்று இருந்ததால் வீட்டில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. பரிசோதித்தால், தைராய்டு குறைவு.

எடை பார்க்கும்போது டயப்பரைக் கழற்றுங்கள். முடிந்தவரை ஒரே தராசு. இரண்டு வயது வரை படுக்க வைத்துத்தான் நீளம் அளக்க வேண்டும், அதற்கு இரண்டு பேர் வேண்டும். (உதைக்கிற குழந்தையை ஒருவரே அளந்தால், ஒரே மாதத்தில் பிள்ளை குட்டையாகிவிட்டதாக அட்டை சொல்லும். பார்த்திருக்கிறேன்.) தலைச் சுற்றளவையும் கேட்டு எழுதி வாங்குங்கள்.

பிள்ளையின் கோடு ஏறாமல் படுத்துவிட்டால், வரைபடத்தின் பெர்சன்டைல் கோடுகளில் இரண்டைத் தாண்டி இறங்கிவிட்டால், மூன்றாம் பெர்சன்டைலுக்குக் கீழே போனால், பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்க்காமல் நேரே என்னிடம் வாருங்கள்.

அப்புறம் அந்த அட்டை. தடுப்பூசி முடிந்ததும் எங்கே போட்டீர்களோ, தேடி எடுத்து வாருங்கள், ப்ளீஸ்.