பக்கத்து வீட்டில் லாலாங் புல் மண்டிக் கிடக்கிறதா? பினாங்கில் யாரிடம் புகார் செய்வது?

ஜெலுத்தோங், பிறை போன்ற இடங்களில் வரிசை வீடுகளுக்கு நடுவே ஒரு வீடு மட்டும் பூட்டிக் கிடக்கும். பெற்றோர் காலமாகியிருப்பார்கள், பிள்ளைகள் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். சில மாதங்களிலேயே வாசல் முழுக்க லாலாங். பாம்புப் பயமும் கொசுக்கடியும் அக்கம்பக்கத்தாருக்குத்தான்.

புல் வெட்ட வேண்டியவர் அந்த வீட்டின் உரிமையாளர், அல்லது அதில் குடியிருப்பவர். எங்கே வசித்தாலும் இந்தப் பொறுப்பு விலகாது. 1976ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டம் (சட்டம் 171) ‘தொல்லை’ என்பதற்கு விரிவான பொருள் தருகிறது. உடல்நலத்துக்கோ சொத்துக்கோ கேடு விளைவிக்கக்கூடிய எதுவும் அதில் அடங்கும். மன்றம் கெடு வைத்து நோட்டீஸ் கொடுக்கலாம். அதையும் மதிக்காவிட்டால் வழக்கு நீதிமன்றம் போகும். மன்றமே ஆள் விட்டு வெட்டி, செலவை உரிமையாளரிடம் வசூலிக்கவும் வழி உண்டு.

தீவில் இருப்போர் பினாங்கு மாநகர் மன்றத்திடமும், பெருநிலத்தில் இருப்போர் செபராங் பிறை மாநகர் மன்றத்திடமும் புகார் செய்ய வேண்டும். வாய்மொழியாகச் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். வீட்டு எண், சாலைப் பெயர், தேதியோடு எடுத்த படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து எழுத்தில் கொடுத்து, புகார் எண்ணை வாங்கி வையுங்கள். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் அந்த எண்ணைச் சொல்லி மீண்டும் கேளுங்கள். பின்சந்தும் சாலையோரக் கால்வாயும் என்றால் சுத்தம் செய்வது மன்றத்தின் வேலை. அடுக்குமாடியின் பொது இடத்துக்கு அதன் நிர்வாகக் குழு பொறுப்பு.

புதருக்குள் கிடக்கும் பழைய டயர், வாளி, பூச்சட்டி ஆகியவற்றில் தண்ணீர் தேங்கியிருந்தால் அதைப் புகாரில் தனியாக எழுதுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுக் கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். லார்வா கண்டுபிடிக்கப்பட்டால் 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் சட்டம் (சட்டம் 154) பாயும். கம்பவுண்ட் (நீதிமன்றம் போகாமல் கட்டும் அபராதம்) 500 ரிங்கிட் வரை. நீதிமன்றம் போனால் முதல் குற்றத்துக்கே 10,000 ரிங்கிட் வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். டிங்கியில் ஒரு பிள்ளை படுத்தபின் ஓடுவதைவிட, மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கும் இன்றே ஒரு நகல் அனுப்பிவிடுங்கள்.

பொறுமை இழந்து வேலி ஏறிக் குதித்து வெட்டாதீர்கள், அது அத்துமீறல். உங்கள் பக்கம் நீட்டிய கிளையை எல்லைக்கோடு வரை வெட்டலாம். ஆனால் வெட்டிய கிளையும் காயும் மரத்துக்காரருடையவை. வெட்டிய புல்லை எரிப்பதும் கூடாது. 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டம் திறந்தவெளி எரிப்பைத் தடுக்கிறது. பாம்பைக் கண்டால் 999ஐ அழையுங்கள், பிடிக்க ஆள் வரும்.

பூட்டிய வீட்டின் வாரிசுகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மன்றத்தின் மதிப்பீட்டு வரி (வீட்டு வரி) பதிவில் இன்னும் அப்பாவின் பெயரே இருந்தால், நோட்டீஸ் அவர் பெயருக்கே, அந்தப் பூட்டிய வீட்டுக்கே போகும். உங்கள் கைக்கு வராமலேயே கெடு முடிந்துவிடும். சொத்துப் பிரிவினை இழுத்துக்கொண்டே போனாலும், மன்றத்திடம் உங்கள் முகவரியையும் கைப்பேசி எண்ணையும் இப்போதே கொடுத்துவிட்டு, அண்ணன் தம்பி அக்கா தங்கை சேர்ந்து பணம் போட்டு மாதம் ஒருமுறை புல் வெட்ட ஆள் வையுங்கள்.