கவுண்டி கோர்ட் கட்டடத்துக்குக் கடன்: டெக்சஸ் வாக்காளருக்குக் கிடைக்கும் 45 நாள்

டெக்சஸில் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) தேர்தல் நெருங்கினால் கோர்ட் கட்டடப் பேச்சு தானாகக் கிளம்பிவிடும். பழைய கட்டடத்தில் இடமில்லை, புதிது கட்டியே ஆக வேண்டும் என்பார் ஒரு வேட்பாளர். இருப்பதைப் பழுது பார்த்தால் போதும் என்பார் இன்னொருவர். ஊர் நடுவிலா, ஹைவே ஓரத்திலா என்று தனியாக ஒரு சண்டை ஓடும். இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும் இங்குள்ள தமிழர்களான நம்மவர்கள் பலர், “எப்படியும் ஓட்டுக்கு வரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்” என்று இருந்துவிடுகிறார்கள். ஓட்டுக்கு வராமலேயே கடன் வாங்கப்பட்டு, அஸ்திவாரமும் போட்டுவிடலாம். சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது.

கவுண்டி பெரிய கட்டடத்துக்குக் கடன் வாங்க முக்கியமாக இரண்டு வழிகள். ஒன்று பாண்ட், அதாவது கடன் பத்திரம். அதற்கு வாக்கெடுப்பு கட்டாயம். இன்னொன்று சர்டிஃபிகேட் ஆஃப் ஆப்ளிகேஷன், சுருக்கமாக சி.ஓ. என்பார்கள். 1971ஆம் ஆண்டுச் சட்டம் இது. இதையும் உங்கள் சொத்து வரியிலிருந்துதான் கட்டுகிறார்கள், 40 வருடம் வரை இழுக்கலாம். ஆனால் வாக்கெடுப்பு தேவையில்லை, நீங்கள் கேட்டால் தவிர. கேட்பதற்கான வழி, பதிவு பெற்ற வாக்காளர்களில் 5 சதவீதம் பேர் கையெழுத்திட்ட எதிர்ப்பு மனு. அது உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டால், வாக்கெடுப்பு நடத்தி ஜெயிக்காமல் கவுண்டி அந்த சி.ஓ.வை வெளியிட முடியாது.

ஒருமுறை தோற்கடித்துவிட்டால் முடிந்தது என்றும் எண்ண வேண்டாம். ஆஸ்டின் இருக்கும் டிராவிஸ் கவுண்டியில் 2015 நவம்பரில் சிவில், குடும்ப நீதிமன்ற வளாகத்துக்காகச் சுமார் 287 மில்லியன் டாலர் பாண்ட் ஓட்டுக்கு வந்தது. டவுன்டவுனில் அந்த இடம் வேண்டுமா, இவ்வளவு செலவா என்று கடும் விவாதம். மிகச் சிறிய வித்தியாசத்தில் தோற்றது. புதிய நீதிமன்றம் பிறகு வேறோர் இடத்தில் எழும்பியது, இன்னொரு வாக்கெடுப்பு இல்லாமலேயே. ஒரு நோக்கத்துக்கான பாண்ட் தோற்றால், அதே நோக்கத்துக்குக் குறிப்பிட்ட சில வருடங்களுக்குள் சி.ஓ. வெளியிடக் கூடாது என்பது விதி. அந்தக் காலம் கழிந்தால் கதவு மறுபடி திறந்துகொள்ளும். பேரிடர் போன்ற விலக்குகளும் உண்டு.

முதல் குழப்பம் பெயரிலேயே இருக்கிறது. ‘கமிஷனர்ஸ் கோர்ட்’ என்பது நீதிமன்றம் அல்ல. கவுண்டியின் நிர்வாகக் குழு. ஒரு கவுண்டி ஜட்ஜ், நான்கு கமிஷனர்கள், மொத்தம் ஐந்து ஓட்டு. கட்டடம், கடன், வரி விகிதம் எல்லாம் இந்த ஐந்து பேர் கையில். அதே வாக்குச்சீட்டில் வரும் டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜ் வேட்பாளர் கோர்ட் நெரிசலைப் பற்றி எவ்வளவு உருக்கமாகப் பேசினாலும் கடனுக்கு ஓட்டுப் போடுபவர் அவர் இல்லை. 1, 3 எண் கமிஷனர்கள் ஜனாதிபதி தேர்தல் வருடத்திலும், கவுண்டி ஜட்ஜும் 2, 4 எண் கமிஷனர்களும் கவர்னர் தேர்தல் வருடத்திலும் வருவார்கள். ஒரே கட்சி கை ஓங்கிய கவுண்டியில் மார்ச் பிரைமரியிலேயே, அதாவது கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல் சுற்றிலேயே, முடிவு தெரிந்துவிடும். நவம்பரில் போய் நின்றால் வெறும் சடங்குதான்.

சி.ஓ. வெளியிட நினைக்கும் கவுண்டி முன்னறிவிப்புத் தர வேண்டும். கமிஷனர்ஸ் கோர்ட்டில் ஓட்டெடுப்புக்குக் குறித்த நாளுக்கு 45 நாளுக்கு மேல் இருக்கும்போதே செய்தித்தாளில் முதல் விளம்பரம் வந்தாக வேண்டும், அடுத்த வாரமும் வர வேண்டும். கவுண்டிக்கு வெப்சைட் இருந்தால் அதிலும் 45 நாள் தொடர்ந்து இருக்க வேண்டும். சட்டப்படி எல்லாம் சரி. ஆனால் யார் கண்ணில் படும்? செய்தித்தாளின் லீகல் நோட்டீஸ் பகுதியில், ஏல அறிவிப்புகளுக்கு நடுவே, எறும்பு எழுத்தில் வரும். ‘கோர்ட்’ என்ற சொல்லைத் தேடினால் கிடைக்காமலும் போகலாம். ‘ஜஸ்டிஸ் சென்டர்’, ‘கவுண்டி ஃபெசிலிட்டீஸ்’ என்று இருக்கும். சாலை, வாகனம், கணினி என்று பத்து நோக்கங்களோடு கலந்தும் இருக்கும். ‘நோட்டீஸ் ஆஃப் இன்டென்ஷன்’ என்று தேடுங்கள். கிடைத்ததும் அதிகபட்சத் தொகை, வட்டியோடு சேர்த்துக் கட்ட வேண்டிய மதிப்பீடு, கடைசித் தவணைத் தேதி, ஓட்டெடுப்பு நாள் நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். அசலைத்தான் மேடையில் சொல்வார்கள். வட்டி சேர்ந்த தொகை அறிவிப்பில் இருக்கும்.

45 நாள் தாராளமாகத் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1,00,000 வாக்காளர் உள்ள கவுண்டியில் 5,000 செல்லுபடியாகும் கையெழுத்து வேண்டும். முதல் நாளே தொடங்கினாலும் தினம் 111. அறிவிப்பு கண்ணில் படவே இரண்டு வாரம் போய்விட்டால் தினம் 160க்கு மேல். தள்ளுபடியாகிறவற்றுக்காக மூன்றில் ஒரு பங்காவது கூடுதலாக வாங்கியாக வேண்டும்.

யார் கையெழுத்து எண்ணப்படும் என்பதில்தான் நம்மவர்கள் அதிகம் அடிபடுகிறார்கள். வருடா வருடம் பத்தாயிரம் டாலர் சொத்து வரி கட்டுபவராக இருக்கலாம். எச்-1பி, க்ரீன் கார்டு என்றால் கையெழுத்து எண்ணப்படாது. ஒரு கவுண்டியில் வாடகைக்கு விட்ட வீடு, குடியிருப்பது பக்கத்துக் கவுண்டியில் என்றால், வரி கட்டும் இடத்தில் உங்களுக்குக் குரல் இல்லை. அந்தக் கவுண்டியில் பதிவு பெற்ற வாக்காளர் மட்டுமே. இதைச் சரிக்கட்டுவதாக நினைத்துக் குடியுரிமை இல்லாதவர் யாரும் வாக்காளர் படிவத்தை நிரப்பிவிடாதீர்கள். அது குற்றம். பிறகு குடியுரிமை விண்ணப்பத்தையே குலைத்துவிடும், நாடு கடத்தல் வரைகூடப் போகலாம். யாராவது கிளிப்போர்டை நீட்டி “எல்லாரும் போடலாம்” என்றால் நம்ப வேண்டாம்.

புதிதாகக் குடியுரிமை பெற்றவர்களுக்கு இன்னொரு பொறி. உறுதிமொழி விழாவில் படிவம் கொடுப்பார்கள். வாங்கி வந்ததே பதிவு என்று பலர் இருந்துவிடுகிறார்கள். நிரப்பி அனுப்பினாலும் பதிவு அமலுக்கு வர 30 நாள் ஆகும். அறிவிப்பைப் பார்த்த பிறகு பதிவு செய்தால் 45இல் 30 போய்விடும். டிரைவிங் லைசென்ஸ் புதுப்பிக்கும்போது தவிர, முதல் பதிவை ஆன்லைனில் செய்ய டெக்சஸில் வழியில்லை. கணினியில் நிரப்பிவிட்டு அச்செடுத்துக் கையெழுத்திட்டு அனுப்பாமல் விட்டவர்கள் ஏராளம். அது பதிவே இல்லை.

மனுத் தாளில் ஒவ்வொரு கையெழுத்தோடும் இருக்க வேண்டியவை: அச்செழுத்தில் பெயர், பிறந்த தேதி அல்லது வாக்காளர் பதிவு எண், வீட்டு முகவரி, கையெழுத்திட்ட தேதி. தேதி விட்டுப்போவதுதான் வழக்கமான தவறு. கையெழுத்து மட்டுமே அவரவர் கையால் இருக்க வேண்டும், மற்றதை வேறொருவர் நிரப்பலாம். கணவர் மனைவிக்கும் சேர்த்துப் போட்டால் அந்த வரி போச்சு. மாநிலப் பெயரோ ஜிப் கோடோ விட்டுப்போனால் மட்டும் தள்ள முடியாது. அந்தக் காரணம் சொல்லி யாராவது மறுத்தால் தேர்தல் சட்டத்தின் 277ஆம் அத்தியாயத்தைக் காட்டுங்கள்.

தமிழ்ப் பெயருக்கு ஒரு தனி எச்சரிக்கை. ஊரில் இனிஷியலோடு முடிந்த பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயரோடு விரிந்து, வாக்காளர் பட்டியலில் முன்பின்னாக மாறி உட்கார்ந்திருக்கும். பட்டியலில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். பிறந்த தேதியைவிட 10 இலக்க வாக்காளர் எண் பாதுகாப்பு. வாக்காளர் அட்டையிலேயே இருக்கிறது, மாநில வெப்சைட்டிலும் பார்க்கலாம்.

அப்பார்ட்மென்ட் மாறியவர்கள் கவனிக்க: வாக்காளர் அட்டை தபாலில் திரும்பிப் போயிருந்தால் உங்கள் பெயருக்கு எதிரே ‘எஸ்’ குறி விழுந்திருக்கும். முகவரி உறுதியாகாதவர்களின் சஸ்பென்ஸ் பட்டியல் அது. அந்தக் குறி இருப்பதாலேயே கையெழுத்து செல்லாமல் போகாது; கவுண்டிக்குள் இருக்கும் முகவரியைத் தந்தால் எண்ணியாக வேண்டும். இன்னொரு நல்ல செய்தி, 5 சதவீதத்தைக் கணக்கிடும்போது ‘எஸ்’ குறியுள்ளவர்களைக் கழித்துவிட வேண்டும். கவுன்டரில் மொத்த எண்ணிக்கையைத் தூக்கிக் கொடுத்தால் வாங்கி வந்துவிடாதீர்கள். சஸ்பென்ஸ் நீக்கிய எண்ணிக்கை எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். பெரிய கவுண்டியில் வித்தியாசம் ஆயிரக்கணக்கில் வரும்.

மனுவை எங்கே கொடுப்பது? கவுண்டி ஜட்ஜ் அலுவலகத்தில் கொடுத்தால் சிரித்த முகத்தோடு வாங்கி வைத்துக்கொள்வார்கள். தேர்தல் அலுவலகத்துக்குப் போனால் “இது எங்கள் வேலை இல்லை” என்பார்கள். சட்டம் சொல்வது கவுண்டி கிளார்க். அவரிடம் மட்டும். கூட்டம் பெரும்பாலும் வேலைநாள் காலையில் நடக்கும். அன்று காலை போய்ச் சேர்ந்தால் வாசலில் நிற்கும்போதே ஓட்டெடுப்பு முடிந்திருக்கும். குறைந்தது இரண்டு நாள் முன்பே போங்கள். எல்லாப் பக்கத்தையும் நகலெடுத்து, பக்கத்துக்கு எண் போட்டு, ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் எந்த சி.ஓ.வை, எந்தத் தொகையை எதிர்க்கிறீர்கள் என்று அச்சிட்டிருக்க வேண்டும். பெற்றுக்கொண்ட நாளும் நேரமும் முத்திரையாக விழாமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள். 1,000 கையெழுத்துக்கு மேல் இருந்தால் மாதிரி எடுத்துச் சரிபார்க்கலாம். ஆனால் அந்த மாதிரி மொத்தத்தில் 25 சதவீதம் அல்லது 1,000, இரண்டில் எது பெரிதோ அதற்குக் குறையக் கூடாது. ஒரு பக்கம் கோணலாக நிரப்பியிருந்தால் மாதிரியில் அது மொத்தத்தையும் இழுத்துவிடும்.

மனு ஜெயித்த பிறகும் கண்ணயர வேண்டாம். கவுண்டி அந்த அறிவிப்பைக் கைவிட்டு, ஏழு வருடத்துக்குள் தீர்க்கும் டாக்ஸ் நோட் என்ற வேறு வகைக் கடன் பக்கம் சாயலாம். அதற்கு மனு உரிமையே கிடையாது.

வாக்கெடுப்பு வந்துவிட்டால் கவுண்டி ஒரு வாக்காளர் தகவல் தாள் வெளியிட வேண்டும். அதில் வருட வரி உயர்வு 1,00,000 டாலர் வீட்டுக்குக் கணக்கிடப்பட்டிருக்கும். அந்த விலையில் வீடு எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள். உங்கள் வீடு ஆறு லட்சம் என்றால் தோராயமாக ஆறால் பெருக்குங்கள். “வரி விகிதம் உயராது” என்று வேட்பாளர் சொன்னால் அதுவும் அரைகுறை. விகிதம் அப்படியே இருந்து வீட்டு மதிப்பீடு ஏறினால் கட்டும் பணம் ஏறும். வாக்காளரைக் கேட்காமல் வருடத்துக்கு 3.5 சதவீதத்துக்கு மேல் உயர்த்தக் கூடாது என்ற 2019ஆம் ஆண்டு வரம்பு, நிர்வாகச் செலவுக்கான வரிக்குத்தான். கடன் தவணை அதற்கு வெளியே. வேட்பாளரிடம் ஒரே கேள்வி போதும்: கோர்ட் கட்டடத்துக்கு வாக்கெடுப்பு இல்லாமல் சி.ஓ. வந்தால் உங்கள் ஓட்டு என்ன? ‘எல்லாத் தரப்பையும் கேட்டு’ என்று பதில் தொடங்கினால் முடிவைப் புரிந்துகொள்ளலாம்.

பழைய கட்டடத்தை இடிப்பதோ விற்பதோ என்றால் ஆறு மாதம் முன்பே டெக்சஸ் வரலாற்று ஆணையத்துக்குக் கவுண்டி தெரிவிக்க வேண்டும். தெரிவித்த கடிதத்தின் நகலைக் கேளுங்கள்.

கூட்டத்தில் பேச உங்களுக்கு உரிமை உண்டு. பட்டியலில் உள்ள பொருள் விவாதத்துக்கு வருமுன் அல்லது விவாதத்தின்போது பேச விட்டாக வேண்டும். நேரத்தைக் கட்டுப்படுத்தலாம், குறை சொல்வதைத் தடுக்க முடியாது. ஆங்கிலத்தில் தடுமாறும் அப்பா, அம்மா இருந்தால் மொழிபெயர்க்க ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். உடனுக்குடன் மொழிபெயர்க்கும் கருவி அங்கே இல்லையென்றால் இரண்டு மடங்கு நேரம் தர வேண்டும். மற்றவர்களுக்கு மூன்று நிமிடம் என்றால் அவர்களுக்கு ஆறு. பேச விரும்புவதாகப் பெயர் தரும் சீட்டைக் கூட்டம் தொடங்குமுன் கொடுக்கும்போதே, மொழிபெயர்ப்பாளர் உண்டு என்று அதில் எழுதிவிடுங்கள்.